குர்ஷித் சொல்ல வந்த மீதி

உங்களோடு ஒத்துப்போகாத ஒருவர் வாயைத் திறந்ததும் அவரை ஏவியது யார் என்று தேடுகிறீர்களே, அவர் பேசி முடிக்கும் வரை ஒரு முறையாவது காத்திருந்தது உண்டா?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிற மேகலா காத்திருக்கவில்லை. தெருவில் எந்த அநியாயம் நடந்தாலும் முதலில் எழுந்து நிற்பவள் அவள். அந்தக் கோடையில் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. அதில் டீ போட்டால் பால் திரிந்தது. பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் கழிவு என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தெருவே பம்படியில் கூடியது. இன்றைக்கே பம்பை மூடவேண்டும் என்றாள் மேகலா.

அவளோடு ஒரே லைனில் தைக்கிற குர்ஷித் கையை உயர்த்தினாள். "இப்ப மூட வேணாம்பா. எங்க அண்ணன் சொல்லிச்சு..."

குர்ஷித்தின் அண்ணன் அதே டேனரியில் மேஸ்திரி. மேகலாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அண்ணன் சொல்லிச்சா? அவரு மொதலாளி இன்னா சொன்னாராம்? எவ்ளோ வாங்குனீங்கக்கா?"

கூட்டம் கைதட்டியது. குர்ஷித்தின் வாய் அசைந்தது, குரல் எடுபடவில்லை. கூட்டத்தில் ஒருவர் எடுத்த வீடியோ தெரு வாட்ஸப் குழுவுக்குப் போனது. 'விலை போனவள்' என்று யாரோ எழுதியதற்கு மேகலா கைதட்டல் படம் போட்டாள். பொழுது சாய்வதற்குள் குழாய்க்குள் ஜல்லியும் சிமெண்டும் இறங்கின.

வியாழக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வெள்ளை ஜீப்பில் இரண்டு பேர் பாட்டில்களோடு வந்தார்கள். பம்புத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டுமாம். சிமெண்டைப் பார்த்தார்கள். "இதுல இன்னாம்மா எடுக்குறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மேகலா வாட்ஸப் குழுவைத் திறந்தாள். அந்த வீடியோவைக் காதோடு வைத்துக் கேட்டாள். அவளுடைய கத்தலுக்கு அடியில் குர்ஷித்தின் குரல் மெலிதாக ஓடியது: "...வியாழக்கிழமை தண்ணி எடுக்க ஆளுங்க வர்றாங்களாம். அதுவரைக்கும் கைப்பிடிய மட்டும் கழட்டி வெச்சிடலாம்."

டேனரியில் சோறு தின்கிற மேஸ்திரி, தெருவுக்காகச் செய்தியை வெளியே சொல்லியிருக்கிறார். தண்ணீரைக் கெடுத்தது ஆலை என்றால் அதற்கிருந்த ஒரே சாட்சியைப் புதைத்தது மேகலாவின் வாய். ஆதாரம் இல்லாமல் சாமியைக்கூட நம்பாதவள், ஒரு பெண்ணை விலை போனவளாக்க எந்த ஆதாரத்தையும் கேட்கவில்லை.

கம்பெனியில் குர்ஷித் சூப்பர்வைசரிடம் சொல்லி வேறு லைனுக்கு மாறியிருந்தாள். மதிய மணி அடித்ததும் மேகலா அவள் எதிரே போய் நின்றாள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

குர்ஷித் டிபன் பாக்ஸை மூடினாள். "சரி விடு. இது உனக்கும் எனக்கும் நடுவுல. எம் பையன் ரிஹானை ஸ்கூல்ல புள்ளைங்க 'உங்கம்மா இன்னா வாங்குச்சு'ன்னு கேக்குதுங்க. நேத்துலருந்து போமாட்டேன்றான். அவனுக்கு இன்னா சொல்லட்டும்?"

குர்ஷித் எழுந்தாள்.

"தெரு முன்னாடி சொன்னே. இங்க வந்து காதுல சொல்றியே."

மேகலா போனை எடுத்துக் குழுவில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அனுப்பவில்லை. ஊர் முன்னால் கத்துவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு தெரு வரிசையில் நின்றது. கடைசியில் குர்ஷித்தும், அவள் முந்தானையைப் பிடித்தபடி ரிஹானும். மேகலா செத்த பம்பின் மேடையில் ஏறினாள்.

"குர்ஷித்தக்கா எதுவும் வாங்கல. நம்மளக் காப்பாத்தத்தான் பேச வந்தாங்க. நான்தான் பேச வுடல. பம்பை மூட வெச்சதும் நான்தான்."

யாரும் கைதட்டவில்லை. "லாரி வந்துச்சு, எறங்கும்மா" என்றது ஒரு குரல். ஒருவர் கையிலும் போன் உயரவில்லை.

"அன்னிக்கு எடுத்தீங்க இல்ல, இதையும் எடுங்க" என்றாள். எவரும் அசையாததால் தன் போனைத் தானே நீட்டிப் பிடித்து முதலிலிருந்து மறுபடி சொன்னாள். குர்ஷித் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரிஹான் பார்த்தான்.

இதைப் படிக்கிற உங்கள் போனிலும் நீங்கள் கைதட்டிப் பரப்பிய ஒரு முகம் இருக்கும். தேடி எடுங்கள். அவர் சொல்ல வந்த மீதியைக் கேளுங்கள். தப்பு உங்களுடையது என்றால், காதில் போய்ச் சொல்லாதீர்கள். அதே குழுவில், அதே ஆட்கள் முன்னால், இன்றே சொல்லுங்கள்.