இஸ்திரிப் பெட்டியும் கிராஃபிக்ஸ் கார்டும்

எந்தக் கருவியையும் அது வேலை செய்யப்போகும் இடத்தில், வேலை செய்யப்போகும் நேரத்தில், முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கொள்முதல் பிரிவில் இருந்த காலமெல்லாம் இந்த விதியைப் பிறருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சிலர் கேட்டதும் உண்டு.

அண்ணன் மகள் ஈப்போவில் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு செங்கல் கனம். மூன்று விசிறிகள் வேறு. கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு அவள் குழு தேர்வாகியிருந்தது. ஆனால் பத்து காஜா ஊரிலுள்ள அவர்கள் வீட்டில் ஆட்டம் சூடுபிடிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. கடைக்காரரோ தன் கடையில் ஓட்டிக் காட்டி, கார்டில் குறையே இல்லை என்றார். திருப்பிக் கொடுப்பதானால் அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும்; கொடுத்தால் போட்டிக்குள் வேறு கிடைக்காது.

"சித்தப்பா, கவர்மெண்டுக்கே சாமான் செக் பண்ணுன ஆளு நீங்க. வந்து பாருங்க லா," என்றாள்.

மதியம் போனேன். அவளிடம் இருப்பதிலேயே கனமான விளையாட்டை, படத்தின் தரத்தை உச்சத்தில் வைத்து ஓட்டச் சொன்னேன். நொடிக்கு எத்தனை படங்கள் வரைகிறது, சூடு எவ்வளவு ஏறுகிறது, விசிறிகள் எப்போது இரைகின்றன என்று கவனித்தேன். திரையில் மழை பெய்தது. ஒவ்வொரு குட்டையிலும் தெருவிளக்கு தனித்தனியாக நடுங்கியது. ஒரு முறைகூட அணையவில்லை.

"பாஸ்தானே, சித்தப்பா?"

பாஸ் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடப்பதை உணர்ந்தேன். கூடத்துக்கு வந்தேன். அண்ணி பழைய பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, ஏர்கோன் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. அது கிளம்புனா புள்ள மெஷின் படுத்துக்குது. நீங்க டெஸ்ட் பண்ணி முடிங்க. நான் கொஞ்ச நேரம் வெந்தா என்ன, கொறஞ்சா போயிருவேன்?"

ஏர்கோனைப் போட்டேன். அது உறுமிக் கிளம்பியதும் உள்ளேயிருந்து "ஐயோ, போச்சு!" என்று சத்தம் வந்தது. கார்டு நல்ல கார்டு. ஏர்கோனும் கம்ப்யூட்டரும் ஒரே பழைய மெல்லிய வயரில் தொங்கிக்கொண்டிருந்தன. கார்டைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லி, வயர்மேனை வரவழைத்து, கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுக்க வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

அண்ணன் மகளுக்கு என் திறமையில் பெரிய வியப்பு. இதே சோதனை என் ஒன்பது வயதிலும் ஒரு முறை வந்தது. அன்றைக்கு நான் பாஸ் போட்டுவிட்டேன்.

அப்போது சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். பொழுது சாய்ந்ததும் ஆலை ஜெனரேட்டர் வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும். மாமா ஈப்போவிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளை டிவியைக் கொண்டுவந்தார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பிவிடலாம் என்பது கடை முதலாளி தவுக்கேயின் வாக்கு. லயத்துக்கே அது முதல் டிவி. ஆனால் முதல் நாளே படம் நாலு பக்கமும் சுருங்கி, திரை நடுவில் அஞ்சல்தலை போல நின்றது. கடையில் முழுசாகத் தெரிந்தது என்று மாமா சத்தியம் செய்தார்.

அப்பா காரணத்தைக் கண்டுபிடித்தார். மூலைவீட்டு அத்தை, தோட்டத்து ஆபீஸ் கிராணிமார்களின் துணிகளை மாலை வேளையில் மின்சார இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுப்பவர். அவர் பெட்டி சூடேறினால் எங்கள் படம் சுருங்கும். அம்மா போய்க் கேட்டார்.

"ஒங்க வூட்டுல படம் தெரிய என் வூட்டுல பொழப்ப அணைக்கணுமோ?" என்றார் அத்தை, லயம் முழுக்கக் கேட்கும்படி.

அத்தோடு பேச்சு நின்றது. அத்தையின் மகள் மட்டும் எங்கள் சன்னலுக்கு வெளியே நின்று, அஞ்சல்தலைப் படத்தையும் விடாமல் பார்ப்பாள். உள்ளே வா என்று நாங்கள் கூப்பிடவில்லை.

கெடு முடிவதற்கு முந்தின நாள், தமிழ்ப் படம் போடும் நாள். இன்றும் சுருங்கினால் டிவி நாளைக்கு பஸ் ஏறும் என்று அப்பா அறிவித்தார். நான் பள்ளிக்கூட அடிக்கோலோடு திரைக்கு முன் உட்கார்ந்தேன். படம் விளிம்பு முதல் விளிம்பு வரை நிறைந்து நின்றது. எழுந்து எழுந்து அளந்தேன், மயிரிழை குறையவில்லை. "பாஸ்!" என்று கத்தினேன். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

நடுவில் செய்தி வந்தபோது பின்பக்கம் போனேன். மூலைவீட்டுக் கொல்லையில் புகை. அத்தை பழைய கரிப்பெட்டியை ஊதி ஊதித் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் சாம்பல் விழாமல் முகத்தைத் திருப்பித் திருப்பி ஊதினார்.

ஓடிவந்து சொன்னேன்: "அம்மா, அவங்க கரண்டு பொட்டி கெட்டுப்போச்சு! நல்லா வேணும்!"

அம்மா சன்னலைப் பார்த்தார். எழுந்துபோய், வெளியே நின்ற அத்தை மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, முன்வரிசையில், என் இடத்தில் உட்கார வைத்தார். சோதனை நடத்திய அதிகாரிக்குக் கிடைத்த மரியாதை இதுதானா என்று எனக்கு அழுகை வந்தது.

லயத்துக்குக் கூடுதல் கரண்ட் கேட்டு அப்பா தோட்ட ஆபீசுக்கு முறைப்படி விண்ணப்பித்தார். அதன் பிறகும் தமிழ்ப் படம் போடும் வாரமெல்லாம் அந்தக் கரிப்புகை வந்தது. ஒரு பெட்டியைப் பழுதுபார்க்க இவர்களுக்கு இத்தனை நாளா என்று நினைத்துக்கொண்டே படம் பார்த்தேன். கூடுதல் கரண்ட் தருகிறோம் என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அத்தை குடும்பம் லோரியேறி கோப்பெங்குக்குக் குடிபோன மறுநாள்.