எட்டுப் பேரில் ஆறு பேர்

திருநெல்வேலிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் தலைமைப் பண்பு பற்றிப் பேச என்னை அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். நான் எட்டு நடவுப் பெண்களின் கதையைச் சொல்வேன். மாணவர்கள் கை தட்டுவார்கள். அந்தக் கதையில் ஒருவரை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவேன். நான் வேலையை விட்டு அனுப்பிய முதல் ஆள் அவர்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். என்னையும் சேர்த்து ஆறு பேர். வயல்காரர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, ஆட்களுக்கு வேலை கிடைக்கவில்லை, நடுவில் ஒரு செயலி இருந்தால் போதும் என்று பெங்களூரு வேலையை உதறிவிட்டு வந்திருந்தேன். நடவு முடிந்ததும் வயல்காரர் ஒவ்வொரு ஆளுக்கும் நட்சத்திரம் போடுவார். அதிக நட்சத்திரம் வாங்கியவருக்கு அடுத்த அழைப்பு முதலில் போகும். நட்சத்திரம் என் யோசனை. அதில் எனக்குக் கர்வம் வேறு.

பெங்களூரில் கற்ற இன்னொரு வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர்களைத் திறமைப்படி வரிசைப்படுத்துவது. செயலியைச் சோதித்துப் பார்க்கும் பெண் அதில் கடைசியில் நின்றார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர். மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பதற்கு அவருக்கு மூன்று நாள் வேண்டும். கேட்டால், “பைய பாத்தாத்தான் சார் தெரியுது” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நான் நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

மூன்று வாரத்தில் பிசானப் பருவ நெல் நடவு தொடங்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வயல்காரர் ஆறு பேர் கேட்டார். அங்கே எட்டுப் பெண்கள் எப்போதும் ஒரே கூட்டமாக வேலைக்குப் போகிறவர்கள். செயலி நட்சத்திரத்தைப் பார்த்து ஆறு பேரைக் கூப்பிட்டது, இரண்டு பேரை விட்டது. ஒருவரும் வரவில்லை. பறித்துவைத்த நாற்று வரப்பிலேயே வாடியது. வயல்காரர் போனில் என்னைக் கிழித்துவிட்டார். விஷயம் பரவி, அடுத்த நாள் மற்ற நடவுக் கூட்டங்களும் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. நிறுவனத்தை மூட வேண்டியதுதான் என்று பயந்துபோய் பைக்கை எடுத்தேன்.

நான் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். எட்டுப் பேரும் வேறொரு வயலின் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் அம்மாவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“எட்டுப் பேரும் ஒண்ணா எறங்கி ஒண்ணா ஏறுவோம். ஆறு பேருக்குச் சொன்னா எப்படி வருவோம் தம்பி?”

அந்த இரண்டு பேர் மெதுவாக நடுகிறார்களாம், போன பருவத்தில் வயல்காரர்கள் நட்சத்திரம் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

“மெதுவாத்தான் நடுதாளுவ. நாங்க வேகமா நட்டதுல கொஞ்சம் நாத்து தண்ணியில மெதக்கும்லா, பின்னால வந்து அதை எடுத்து ஊணுதது அவளுவதான். வரப்புல நிக்கவருக்கு அது எங்க தெரியும்? ஒங்க போனுக்குத் தெரியுமாக்கும்?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கல்லூரிகளில் கதையை இங்கே முடித்துவிடுவேன். நட்சத்திரத்தை எடுத்தோம், கூட்டமாக அழைக்க வழி செய்தோம், நிறுவனம் பிழைத்தது என்பேன். அதுவும் பொய்யில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பி, இந்தக் குறையை எழுதிவைக்கலாம் என்று பிழைப் பட்டியலைத் திறந்தேன். அது ஏற்கெனவே அங்கே இருந்தது. நான் அனுப்பிவிட்ட பெண் எழுதியது: ‘கூட்டத்தில் சிலருக்கு மட்டும் அழைப்பு போனால் யாருமே வரமாட்டார்கள். எல்லோரையும் ஒன்றாக அழைக்க வழி வேண்டும்.’ அதற்குக் கீழே என் பதில்: ‘இது பிழை அல்ல. இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.’

வெட்கமாக இருந்தது. உடனே அவருக்குப் போன் செய்து திரும்ப வரச் சொன்னேன்.

“தூத்துக்குடியில சேந்துட்டேன் சார். இங்கன அவசரப்படுத்த மாட்டாவ” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது. வைப்பதற்கு முன் அவரே கேட்டார்.

“எல்லாரையும் சேத்துக் கூப்பிடுத விஷயம் ஒண்ணு எழுதியிருந்தேன். அதைச் சரி பண்ணிட்டியளா சார்?”

பண்ணியாச்சு என்றேன். அதை அதுவரை யாரும் தொட்டிருக்கவில்லை.