இடப்பக்கத்து விமானங்கள்

ஈஸ்வரமூர்த்தி என்று கேட்டால் செம்மேட்டில் யாருக்கும் சட்டென்று தெரியாது. வேன்கார மூர்த்தி என்றால் டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்தே வந்து வழி காட்டுவார்கள். இருபது வருடமாக மலைமேல் அரியூர் நாட்டு ஊர்களிலிருந்து அடிவாரத்துக்கு ஆள் ஏற்றி இறக்குகிறவன். பிரசவத்துக்குப் போகிறவர்கள், மிளகு மூட்டையோடு போகிறவர்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மைக் செட் கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் அவன் வண்டிதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கே தண்ணீர் ஒழுகும், எங்கே குரங்கு உட்கார்ந்திருக்கும் என்பது அவன் கைக்கும் காலுக்கும் பாடம்.

“மூர்த்தி வண்டின்னா தூங்கிக்கிட்டே போலாம்” என்று ஜனங்கள் சொல்வார்கள். சொல்வதோடு நிற்காமல், இரண்டாவது வளைவு தாண்டும்போதே வாயைத் திறந்துகொண்டு தூங்கவும் செய்வார்கள்.

இந்தத் தை மாதம் அந்தத் தூக்கம்தான் அவனைப் பயமுறுத்த ஆரம்பித்தது.

முதலில் வேனின் இடப்பக்கக் கண்ணாடி போனது. சோளக்காடு ஊருக்கு மேலே ஒரு சில்வர் ஓக் மரம். வருடக்கணக்காக அதே இடத்தில் நிற்கிற மரம். அதில் உரசிக் கண்ணாடி தெறித்தது. கிளை தாழ்ந்துவிட்டது என்றான். இறங்கிப் பார்த்தபோது தாழ்ந்த கிளை எதுவும் அதில் இல்லை. பிறகு ஓர் ஆடு. இடப்பக்கச் சரிவிலிருந்து இறங்கி வந்த ஆட்டைப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக் கத்தினார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. செத்த ஆட்டைப் பார்த்து ஆட்டுக்காரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். “பனிங்க, ஒண்ணும் தெரியல” என்றான் மூர்த்தி. அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவனை யாரும் மறுத்துப் பேசவில்லை. வேன்கார மூர்த்தி சொன்னால் பனி இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான், மிளகு மூட்டை போட இடம் வேண்டுமென்று அவன் மனைவி ரஞ்சிதா அட்டாலிப் பரணைக் காலி செய்தாள். பழைய போர்வையில் சுற்றிய ஒன்றைக் கீழே இறக்கி, “ஏனுங்க, இந்தச் சனியன இன்னுமா வெச்சிருக்கறீங்க?” என்றாள்.

மூர்த்தி போர்வையைப் பிரித்தான். அவனுடைய கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் என்றுதான் அதை வாங்கினார்கள். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மிளகு நல்ல விலைக்குப் போன வருடம். அவனுடைய அப்பா காளியண்ணன் மோட்டாருக்குச் சாமான் வாங்கச் சேலம் போனவர், பெரிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளையும் சாம்பலும் கலந்த கீபோர்டு. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். மேல்பக்கம் கேசட் செருக ஒரு வாய், பக்கத்துக்கு ஒரு ஜாய்ஸ்டிக். டிவியில் மாட்டினால் கம்ப்யூட்டர், மஞ்சள் கேசட்டைச் செருகினால் விளையாட்டு. ஊரே திரண்டு பார்க்க வந்தது. “இதுல நம்ம காட்டுக்குச் சிட்டா வருமா காளியண்ணா?” என்று ஒருவர் கேட்டார். “இன்னும் அந்தப் பாடம் வரல. பையன் படிச்சிக்கிட்டிருக்கறான்” என்றார் அப்பா. பையன் சுட்டுக்கொண்டிருந்தான். திரையின் நடுவே அவனுடைய விமானம். இரண்டு ஓரங்களிலிருந்தும் எதிரி விமானங்கள் பாய்ந்து வரும். நடுவில் கண்ணை வைத்துக்கொண்டே இரண்டு ஓரத்தையும் பார்க்க வேண்டும். மற்ற பையன்கள் இரண்டு நிமிடத்தில் செத்துப்போவார்கள். மூர்த்தி சாகவே மாட்டான். “பாடம் பயங்கரமா ஓடுதே” என்று அப்பா வாசலில் நின்று பெருமைப்படுவார்.

வண்டி ஓட்டக் கற்றபோது அவனுக்கு அது சுலபமாக வந்ததற்கு அந்த விளையாட்டுத்தான் காரணம் என்று மூர்த்தி மனதுக்குள் நம்பினான். நடுவில் கண், ஓரத்தில் கவனம். வித்தை அவ்வளவுதான்.

வீட்டிலிருந்த புது டிவியில் அதை மாட்டினால் கோடுகள்தான் ஓடின. செம்மேட்டில் டிஷ் மாட்டும் கார்த்தி, கடை மூலையில் கிடந்த பழைய டியூப் டிவியைத் தூசி தட்டிக் கொடுத்தான். “எதுக்குங்ணா இது? கோழி அடைக்கறதுக்கா?” என்று சிரித்தான். கேசட்டின் அடியில் வாயால் ஊதி, மூர்த்தி செருகினான். திரை இரண்டு தடவை உருண்டு நின்றது. அதே இசை. அவனுக்குக் கழுத்தில் சிலிர்த்தது. மகள் சுமித்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிப்பவள்.

“பாரு கண்ணு, உங்கப்பன் யாருன்னு” என்றான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விமானம் வெடித்தது. மறுபடி ஆடினான். மறுபடி வெடித்தது. எது வந்து மோதியது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

“லெஃப்ட்லயே வருதுப்பா. நீங்க பாக்கவே மாட்டேங்கறீங்க” என்றாள் சுமித்ரா.

“எங்க வருது? சும்மா சொல்லாத.”

“அட, இத்தச்சோடு வருது!” என்று கையை அகல விரித்துக் காட்டினாள்.

கை பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று முதல் நாள் நினைத்தான். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஓர் ஆட்டம் போட்டான். வலப்பக்கம் வருகிற எதையும் கட்டைவிரல் விடவில்லை. பழைய கட்டைவிரல்தான். இடப்பக்கம் மட்டும், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து சாவு வந்தது. ரஞ்சிதாவுக்கு இது விளையாட்டுப் பைத்தியமாகத் தெரிந்தது. “நாப்பது வயசுக்கு மேல பொம்ம வெளையாட்டு. வண்டிய எடுங்க, ஆளுங்க ரோட்ல நிக்கறாங்க” என்றாள்.

ரோட்டில் நிற்கிறார்கள் என்பதுதான் அவனுக்குப் பயம்.

கார்த்தியைக் கூப்பிட்டு டிவியைக் காட்டினான். “எடப்பக்கம் படக்குழாய் செத்துப்போச்சு, பாரு” என்றான். கார்த்தி தட்டினான், திருகினான், மூலைக்கு மூலை உற்றுப் பார்த்தான்.

“படம் ஓரம் வரைக்கும் பளிச்சுனு இருக்குதுங்ணா.”

“உனக்குத் தெரியல.”

“எனக்கா தெரியல?” என்று கார்த்தி சிரித்தான். மூர்த்தி சிரிக்காததைப் பார்த்து, “பழைய செட்டுங்ணா, சூடானா ஏதாச்சும் பண்ணும்” என்று சொல்லி ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டான்.

சூடானால் ஏதாவது பண்ணும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூர்த்தி மேலும் சில நாள் வண்டி ஓட்டினான். வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்தினான். தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கழுத்து வலித்தது. எதிரே வந்த பஸ் டிரைவர்கள், “என்ன மூர்த்தி, மாமியார் ஊடு அந்தப் பக்கமா?” என்று கேலி செய்தார்கள்.

மாசியில் ரஞ்சிதாவின் அண்ணன் மகனுக்குக் கீழே சேந்தமங்கலத்தில் நிச்சயம் வைத்தார்கள். பெண் வீட்டுக்குப் போக மூர்த்தி வண்டிதான் என்பதை யாரும் அவனிடம் கேட்கக்கூட இல்லை. ரஞ்சிதாவின் அம்மா பாவாயி, அண்ணன் குடும்பம், சுமித்ரா, பங்காளி வீட்டுக் குழந்தைகள் என்று வேன் கொள்ளாத கூட்டம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியில் முன்சக்கரம் ஆட்டம் கொடுத்தால், கோளாறு டயரிலா ஆக்சிலிலா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இடது டயரைக் கழற்றி வலப்பக்கம் மாட்ட வேண்டும். ஆட்டம் டயரோடு வலப்பக்கம் போனால் டயர் கோளாறு. இருந்த இடத்திலேயே நின்றால் வண்டி கோளாறு.

“ரஞ்சிதா, இங்க வா. இந்த டிவியக் கவுத்து வெக்கணும்.”

“கவுத்தா?”

“தலகீழா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டிலில் மெத்தை போட்டு, இருவரும் பிடித்து அந்தக் கனத்த பெட்டியைத் தலைகீழாக நிறுத்தினார்கள். இப்போது படத்தின் இடப்பக்கம் அவனுக்கு வலப்பக்கம். குழாய்தான் செத்துப்போயிருக்கிறது என்றால் இனி வலப்பக்கம் தெரியக்கூடாது. வலப்பக்கம் தெரியாமல் போகட்டும் என்று மூர்த்தி வேண்டிக்கொண்டான். ஜாய்ஸ்டிக்கையும் தலைகீழாகப் பிடித்தான். கொஞ்ச நேரம் கை தடுமாறியது. பிறகு பிடிபட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையின் நடுவே கண்ணை நிறுத்தினான்.

வலப்பக்கம் வந்தவை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொன்றாகச் சுட்டான். இடப்பக்கத்திலிருந்து, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, ஒன்று வந்து மோதியது.

அவன் மறுபடி ஆடினான். மறுபடியும் அப்படியே.

“என்னங்க ஆச்சு?” என்றாள் ரஞ்சிதா.

“டிவி நல்லாத்தான் இருக்குது” என்றான் மூர்த்தி. சுவிட்சை அணைத்தான்.

நிச்சயம் முடிந்துவிடட்டும் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஒரே ஒரு நாள். மெதுவாகப் போகலாம், மெதுவாக வரலாம். பிறகு நாமக்கல்லில் கண் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். சபையில் போய், எனக்குப் பாதி தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இருபது வருடம் தூங்கிக்கொண்டு வந்தவர்களிடம்?

காலையில் வேன் நிரம்பிவிட்டது. தட்டு, பழம், பூ, குழந்தைகளின் சண்டை. பாவாயி ஜன்னலோரம் உட்கார்ந்து, “மாப்ள, நல்ல நேரம் போவுது, எடுங்க சாமி” என்றாள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறித்தான் கிளம்ப வேண்டும். முன்சக்கரங்களுக்கு அடியில் பழம் வைக்க ரஞ்சிதா இறங்கினாள். வலது டயருக்கு வைத்துவிட்டு அவள் நிமிர்ந்ததை மூர்த்தி பார்த்தான். பேனட்டைச் சுற்றி அவள் போனாள். பிறகு அவள் அங்கே இல்லை. முன்னால் சிமெண்டு வாசல் காலியாகக் கிடந்தது. ஏறிவிட்டாள் என்று நினைத்தான். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான்.

பேனட்டின் மேல் உள்ளங்கை அறைந்த சத்தம் கேட்டது. சுமித்ரா, “அப்பா! அம்மா!” என்று அலறினாள்.

பிரேக்கில் கால் விழுந்ததும் வேன் குலுங்கி நின்றது. தலையை முழுதாகத் திருப்பிய பிறகுதான் மூர்த்திக்கு அவள் தெரிந்தாள். இடது விளக்குக்கு நேர் முன்னால், பட்டுச் சேலையின் தலைப்பு டயருக்கு அடியில் மாட்டியிருக்க, அவள் நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் சீட்டிலிருந்து நெஞ்சு வரைக்கும் தெரிகிற இடம். குழந்தைகூடப் பார்த்துவிடும்.

“இங்கதானுங்க நின்னேன்” என்றாள், மெதுவாக. “உங்களப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்.”

மூர்த்தி வண்டியைப் பின்னால் நகர்த்தவில்லை. வண்டியை அணைத்து, சாவியை வெளியே எடுத்தான். “என்ன மாப்ள, மக்கர் பண்ணுதா?” என்றாள் பாவாயி. அவன் பதில் சொல்வதற்குள், சேலையை இழுத்துக் கிழித்துக்கொண்டு ரஞ்சிதா ஓடிவந்தாள். “அவருக்கு ராத்திரியிலிருந்து தலசுத்தலுங்கம்மா. வேற ஆளக் கூப்பிடலாம்.”

அவன் அதை மறுக்கவில்லை. தலைசுற்றல் கௌரவமான வியாதி.

சோளக்காட்டிலிருந்து ஓம்பிரகாஷ் என்ற இளவட்டம் பைக்கில் வந்து சேர்ந்தான். லோடு வண்டி ஓட்டுகிறவன். சேலை மாற்றிக்கொண்டு ரஞ்சிதா ஏறினாள். தன் வண்டியிலேயே மூர்த்தி இடப்பக்க முன்சீட்டில் உட்கார்ந்தான். அந்த இடத்திலிருந்து ரோடு வேறு ரோடாக இருந்தது. பனி கனத்துக்கொண்டிருந்தது. மரங்கள் அவன் தோளுக்குப் பக்கத்தில் எப்போது வந்தன, எப்போது போயின என்று தெரியவில்லை. பின்னால் பாட்டுப் போடச் சொல்லிக் குழந்தைகள் கத்தினார்கள்.

இறக்கத்தில் இடப்பக்கமாகத் திரும்புகிற ஒரு நெருக்கமான வளைவு வந்தது. ஓரத் தடுப்புச் சுவர் டிரைவருக்குக் கீழ் ரோட்டை மறைத்தது. ஓம்பிரகாஷ் வேகத்தைக் குறைத்து, எல்லா டிரைவர்களும் முன்சீட்டுக்காரரைக் கேட்பது போல, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

“அண்ணா, அந்தப் பக்கம் பாருங்க. கீழ இருந்து ஏதாச்சும் வருதா? போலாமா?”

மூர்த்தி பார்த்தான். வெள்ளையாக இருந்தது. பனியா, அவன் கண்ணா என்று பிரிக்க முடியவில்லை. இத்தனை வருடமும் எத்தனையோ பேரை அவன் இந்தச் சீட்டில் உட்காரவைத்து இதையே கேட்டிருக்கிறான். “போலாம்” என்பது ஒரு சொல்தான். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“அண்ணா, போலாமா?”

“எனக்குத் தெரியல தம்பி.”

“என்னது?”

“எனக்கு எடப்பக்கம் தெரியாது!” என்று மூர்த்தி கத்தினான். “கண்ணு தெரியாது எனக்கு! நிறுத்துடா!”

ஓம்பிரகாஷ் பிரேக்கை மிதித்தான். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். பின்னால் பாவாயி, “என்ன சொல்றாரு மாப்ள? எத்தன நாளா?” என்று ரஞ்சிதாவைக் கேட்டாள்.

அப்போது, கீழே எங்கேயோ, கனமான வண்டி ஒன்று முனகிக்கொண்டு மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது. வேனில் இருந்த எல்லோரும் இடப்பக்கமாகத் தலையைத் திருப்பினார்கள். மூர்த்தியும் அவர்கள் பார்த்த திசையைப் பார்த்து, டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.