மாப்பிள்ளைக்குப் புதுச்சட்டை

அச்சு முறுக்கு வாசனை வந்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது.

தொண்ணூறுகளில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், திண்டுக்கல் வீட்டில் அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது, புருஷனிடம் அடிவாங்கிக் கிழிந்த உதட்டோடு அத்தை வந்து நின்றாள்.

“இந்தப் பண்டிகைக்கு மட்டும் இருந்துட்டுப் போறேண்ணே.”

அப்பா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. “திருநாளும் அதுவுமா புருசன் இல்லாம கோயிலுக்கு வந்தா ஊரு என்ன பேசும்?”

அடித்தவனுக்கு மாப்பிள்ளை மரியாதையாகப் புதுச்சட்டை எடுத்தார். அதையும் ஒரு தூக்குவாளி முறுக்கையும் அவளிடமே கொடுத்து, அவள் புருஷன் ஊரான எரியோட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இன்று பக்கத்து வீட்டுப் பெண், புருஷன் அறைந்து வீங்கிய கன்னத்தோடு, என் அடுப்படியில் முறுக்குச் சுடுகிறாள். அவள் அண்ணன் எனக்குப் போன் செய்தான்.

“மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்து வச்சிருக்கேன்க்கா. அவள அனுப்பி விடுங்க.”

“அவ இங்கதான் இருப்பா. அந்தச் சட்டைய நீயே போட்டுக்க அப்பு” என்றேன்.