பரிஷையில் விற்றுப்போன விதைக்காய்

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால், கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, பெங்களூர் பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை நடந்த நாளில் இது நடந்தது. பரிஷை என்றால் திருவிழாச் சந்தை. அங்கே குன்றின் மேல் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் புதுக் கடலைக்காயில் முதல் கையளவை அந்த பசவண்ணனுக்குப் படைத்துவிட்டு, மிச்சத்தைச் சாலையோரம் குவித்து விற்பார்கள்.

எங்கள் ஊர் ஓசூருக்கும் பாகலூருக்கும் நடுவில் இருக்கிறது. நாங்கள் சென்னை ராஜ்யத்துக்காரர்கள்தான், ஆனால் எங்களுக்குத் தலைநகரம் என்றால் பெங்களூர்தான். சென்னையை நேரில் பார்த்தவர் அப்போது எங்கள் ஊரில் யாருமே கிடையாது. வருஷா வருஷம் அப்பாவும் அம்மாவும் வண்டி கட்டிக்கொண்டு பரிஷைக்குப் போவார்கள். அந்த வருஷம் அம்மா இல்லை. ஐப்பசியில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள். சின்னவனான தம்பியை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, அவள் இடத்தில் நான் போனேன். எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியிருந்த வயது.

அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. பிடுங்கிய செடியில் பாதிக்குமேல் உள்ளே பருப்பில்லாத பொக்குக் காய். அம்மா காய்ச்சலோடு களத்தில் உட்கார்ந்து, மொத்த விளைச்சலையும் கையால் அளைந்து, இரட்டைப் பருப்பாக, கனமாக, ஓடு பழுதில்லாமல் இருந்த காய்களை மட்டும் விதைக்கென்று பொறுக்கினாள். ஒரு மூட்டைதான் தேறியது. காய்ந்த வேப்பிலையை அடியிலும் மேலேயும் போட்டு, சாக்கின் வாயைத் தைத்து உள்ளறை மூலையில் வைத்தாள். அடுத்த விதைப்புக்கு எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அது இல்லையென்றால் ஊர்ப் பெரிய பண்ணையில் போய் விதைக்குக் கை நீட்ட வேண்டும். அப்படிக் கை நீட்டியவர்கள் சில வருஷங்களில் தங்கள் நிலத்திலேயே கூலிக்கு நின்றதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அப்பா உழுவார், விதைப்பார், களை எடுக்க ஆள் பிடிப்பார். ஆனால் விதையைப் பொறுக்குவதும் வைப்பதும் காப்பதும் அம்மாவின் பாடு. அந்த மூலைக்கு அவர் போனதே இல்லை. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். அந்த மூட்டை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. வாய் தைத்த சாக்குகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

பரிஷைக்கு முந்தின நாள் விடிவதற்குள் அப்பா எழுந்து, உள்ளறையில் கிடந்த மூட்டைகளை இருட்டில் தடவித் தடவி வண்டியில் ஏற்றினார். நான் வழிக்குச் சோறு கட்டிவிட்டு, கிளம்பும் முன் வீட்டைப் பெருக்கினேன். உள்ளறை மூலை காலியாக இருந்தது. விதையை அப்பா பரணில் பத்திரமாக வைத்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

பரிஷைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. துக்க வீடு என்பதால் நாங்கள் குன்றின் மேல் ஏறவில்லை. பக்கத்து வண்டிக்காரர் மாலூர்ப் பக்கத்து விவசாயி. எங்கள் முதல் கைக் காயை அவரிடம் கொடுத்து, அவர் காயோடு சேர்த்துப் படைத்துவிடச் சொன்னார் அப்பா. அவரும் மறுபேச்சு பேசாமல் மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அந்த விடியற்காலையிலேயே, வறுகடலை போட்டு விற்கிற அம்மா ஒருவர் எங்களிடம் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கொட்டியிருந்த குவியலில் ஒன்றிரண்டு காயை உடைத்துத் தின்று பார்த்தார். திருப்தி போலிருக்கிறது, இன்னும் அவிழ்க்காமல் இருந்த மூட்டை ஒன்றை முழுசாக விலை பேசி, தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நல்ல போணி என்று நான்கூடச் சந்தோஷப்பட்டேன்.

வெயில் ஏற ஏறக் கூட்டம் நெரிந்தது. போலீஸ்காரர்கள் வண்டிகளை எல்லாம் பின்தெருவுக்கு ஓட்டச் சொன்னார்கள். நகரத்து மனிதர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, காயை உடைத்துக் கொறித்துக்கொண்டே நடந்தார்கள். ரோடு முழுக்கக் கடலைத் தோல். ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் பீப்பி, ஒரு பக்கம் வளையல் கடை. பெங்களூர்க்காரர்களுக்கு அது ஒருநாள் கொண்டாட்டம். எங்களுக்கு அது ஒரு வருஷத்துச் சாப்பாடு. வளையல் கடைப் பக்கம் போக எனக்குக் கால் பரபரத்தது, ஆனால் போகவில்லை.

உச்சி வேளையில் அந்த மாலூர்க்காரர் எங்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு, தெலுங்கில் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார். விதைக்கு எடுத்து வைத்துக்கொண்டீர்களா, இந்த வருஷம் எங்கே அலைந்தாலும் விதை கிடைக்காது என்றார். அப்பா அவருக்கு அவர் பாஷையிலேயே, வீட்டில் உள்ளறையில் இருக்கிறது என்று பதில் சொன்னார்.

"உள்ரூமுல ஒண்ணுமே இல்லையேப்பா. கூட்டும்போது பாத்தனே. நீங்க பரண்ல எடுத்து வெச்சிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். மிச்சம் இருந்த ஒரே மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை விட்டார். பொக்குக் காய்தான் வந்தது. மற்ற மூட்டைகளை எல்லாம் அவரே அவிழ்த்துக் கொட்டி விற்றிருந்தார். அவிழ்க்காமல் போனது அந்த வறுகடலைக்கார அம்மாவிடம் போன மூட்டை மட்டும்தான்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். பெற்ற அப்பாவிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், "இத்தன வருசம் கூட இருந்தீங்களே, அம்மா வெச்ச மூட்ட எதுன்னுகூடவா தெரியாது உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் வண்டியை மாலூர்க்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

எத்தனை வறுசட்டிகள் அங்கே! மணலில் காயைப் போட்டு வறுக்கிற புகை ரோடு நெடுக எழும்பியது. அப்பா ஒவ்வொரு அடுப்பு முன்னாலும் நின்று முகம் முகமாகப் பார்த்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர், அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டார். சிலர் கையை விரித்தார்கள், சிலர் காய் வாங்க வந்தவர் என்று நினைத்து விலை சொன்னார்கள். எனக்கு மனதுக்குள் நம்பிக்கை போய்விட்டது. விடியற்காலையில் வாங்கிப்போன மூட்டை, வறுத்து விற்று, இந்நேரம் அதன் தோல்தான் எங்கள் காலடியில் கிடக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்து நடக்கவே கூசியது.

அப்போது எதிரே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தலையில் மூட்டையோடு அந்த அம்மாவே வந்தார். எங்களைக் கண்டதும் மூட்டையை இறக்கி வைத்து, இடுப்பில் கை ஊன்றி, அப்பாவைத் திட்டத் தொடங்கினார். கன்னடமும் தமிழும் கலந்த திட்டு. "எல்லி ஹோகித்ரி அண்ணா? எங்க போயிட்டீங்க? காலையில இருந்து தேடுறேன். வண்டி நின்ன எடத்துல வண்டி இல்ல. இது பித்தனெ காயி அண்ணா, விதைக்கு வெச்ச காயி! இத யாராச்சும் விப்பாங்களா?"

நான்தான், அம்மா பொறுக்கி வைத்தது, அவள் போன மாதம் இறந்துவிட்டாள், எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொன்னேன். அந்த அம்மாவின் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

முதல் சட்டிக்குக் காய் அள்ளும்போது அரை வெளிச்சம், பார்க்கவில்லையாம். வறுக்கும்போதுதான் காயெல்லாம் ஒரே அளவாக இருப்பதும் உள்ளே வேப்பிலை கிடப்பதும் கண்ணில் பட்டிருக்கிறது. உடனே அடுப்பை அணைத்துவிட்டார். பரிஷை நாளில், வருஷத்துக்கே நல்ல வியாபாரம் நடக்கிற அந்த ஒரு நாளில், அரை நாள் அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டு மூட்டையைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார்.

"எங்களுக்கும் ஆனேக்கல் பக்கம் நெலம் இருந்துச்சும்மா" என்றார் என்னிடம். "ஒரு வருசம் பசி தாங்காம விதையத் தின்னுட்டோம். அதுக்கப்புறந்தான் இந்த ஊருக்கு வந்தோம்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா பதறிப்போய், "நான் சின்னவ அண்ணா" என்று விலகினார். விலையைத் திருப்பி வாங்கிக்கொண்டவர், அலைந்ததற்கு என்று அப்பா நீட்டியதைத் தொடவே இல்லை. கிளம்பும்போது மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தார். வறுத்த கடலைக்காய். "ஒரு சட்டி போட்டுட்டேனே, அது இது. விக்க மனசு வரல. உங்கம்மா காயி, நீங்களே தின்னுங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். பேர் கேட்கத் தோன்றவில்லை. அது எனக்குத் தீராத குறை.

சாயங்காலம் திரும்பினோம். எங்கள் ராஜ்யத்தில் மதுவிலக்கு இருந்த காலம். எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் சாராய பாட்டில் இருக்கிறதா என்று மூட்டைக்குள் கம்பி விட வந்தார். "கம்பி விடாதீங்க சாமி, விதைங்க!" என்று அப்பா குரல் உயர்த்தியதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். போலீஸ்காரர் ஒரு நிமிஷம் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே தட்டிப் பார்த்துப் போகச் சொன்னார்.

சாவடி தாண்டியதும் அப்பா என்னிடம் அந்தத் துணி முடிச்சைக் கேட்டார். ஒரு காயை உடைத்து, பருப்பில் ஒன்றை எனக்குக் கொடுத்து ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். விதைக்காயில் ஒன்றைக்கூட அம்மா எங்களைத் தொட விட்டதில்லை. "இருந்திருந்தா கையிலயே ஒரு அடி போட்டிருப்பா" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். தோள் குலுங்கியது. அம்மாவை எரித்த அன்றைக்கு அழாதவர், மாட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஓசூர் விளக்குகள் தெரிகிற வரைக்கும் அழுதார். நான் தடுக்கவில்லை. காலையில் இருந்த கோபம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த விதை முளைத்தது. அடுத்த வருஷம் மழையும் பெய்தது. நிலம் எங்கள் கையிலேயே நின்றது, இப்போது என் தம்பி பேரன்கள் வரைக்கும் வந்திருக்கிறது. அடுத்த அறுவடையில் இருந்து அப்பா தானே களத்தில் உட்கார்ந்து விதை பொறுக்கினார்.

இதை அந்த வறுகடலைக்கார அம்மாவின் நல்ல மனசுக் கதையாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் எங்கள் அம்மாவின் கையால் சோறு தின்று வளர்ந்த எங்களுக்குத் தெரியாத அவள் உழைப்பை, அவள் முகத்தையே பார்த்திராத ஒருத்தி ரோட்டோர அடுப்பருகில் ஒரு கை காயை அள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டாளே என்பதுதான், இத்தனை வயதுக்குப் பிறகும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.