சித்தப்பாவின் தாடை

சோபாவுக்குத் துணி அடிக்கும்போது சித்தப்பா ஒரு பிடி சின்ன ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி, கொண்டை முன்னால் வரும்படி உதட்டுக்குத் தள்ளும். காந்தச் சுத்தியல் அங்கிருந்தே கவ்விக்கொள்ளும். அடுத்த நொடி ஆணி மரத்தில். இடது கை துணியை விடவே விடாது. யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு 'ம்'தான். சம்மதமா கோபமா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே தெருவில் இருந்த பல் டாக்டர் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர். அவர் இவரை 'ஆணி' என்பார், இவர் அவரை 'குறடு' என்பார். டாக்டரின் நாற்காலிக்கு உறை தைத்ததும் சித்தப்பாதான்.

"மெத்துன்னு போட்டிருக்கேன். வர்றவன் தூங்கிடுவான், உன் மூஞ்சியப் பாக்குற கொடுமை இல்ல."

"உன் வாயில இருக்குற துருவுக்குக் கடைசில நான்தான்டா கை வைக்கணும்."

பிறகு சித்தப்பாவுக்குப் புற்றுநோய் வந்தது. அது முதுகெலும்புக்குப் பரவியபோது, எலும்பு கரையாமலிருக்க மாதாமாதம் ஊசி போட்டார்கள். அது கைகொடுத்தது. குனிய முடியாதவர் பட்டறைக்குத் திரும்பினார். பிறகு கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வலித்து, ஈறு வீங்கிச் சீழ் வடிந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. குறடு பல்லைப் பிடுங்கினார்.

குழி ஆறவில்லை. நாக்கில் ஏதோ சொரசொரவென்று தட்டியது. பல்லின் மிச்சம் என்று சித்தப்பா நினைத்தார். அது தாடை எலும்பு. வாய் நாறத் தொடங்கியதும், பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆணிகள் கிண்ணத்துக்குப் போயின.

ஊசி போடப் போன இடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்: "இந்த ஊசி போட்டா பல்லப் பிடுங்கக் கூடாதுன்னு சொல்வாங்களே. உங்க டாக்டருக்குத் தெரியாதா?"

தெரியும். ஊசியைப் பற்றிச் சித்தப்பாவே அவரிடம் சொல்லியிருந்தார். அதுதான் சித்தப்பாவை அறுத்தது.

மறுநாள் பட்டறைக்கு வந்த நண்பரை உட்காரச் சொல்லவில்லை.

"தெரிஞ்சுதானே பிடுங்கினே?"

"தெரிஞ்சுதான். அந்தச் சீழ உள்ளயே விட்டிருந்தா இன்னும் மோசம்டா."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம்ல. உனக்குக் கை அரிச்சிருக்கு."

குறடு என் சித்தியைப் பார்த்தார். அவள் துணித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வர்றேன், ஆணி."

"வராத. போ."

பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போன எலும்பைச் செதுக்கி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வாய் அறுவை மருத்துவர் சித்தப்பா, சித்தி, நான் என எங்கள் மூவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"எலும்புக்குள்ள கிருமி கூடு கட்டியிருக்கு. பிடுங்கினதாலதான்னு பழி போட முடியாது. பல்லோட வேர்ல ரொம்ப நாளா சீழ் இருந்திருக்கு. எலும்பு அப்பவே கெட ஆரம்பிச்சிருக்கும், பல்லு போனதும் வெளிய தெரிஞ்சிருக்கு. எலும்பு எப்பவும் பழசக் கரைச்சுப் புதுசு கட்டும். இந்த ஊசி கரைக்கிறத நிறுத்திடும். அதனால கிருமி புகுந்த இடத்த அதால சரிபண்ணிக்க முடியல. ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பல்லக் கவனிச்சிருக்கணும். யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல சார். கூடவே வளர்ந்தவனும் சொல்லல."

சித்தி மூடியிருந்த கைப்பையைத் திறந்து, திரும்ப மூடினாள்.

வெளியே வந்ததும், "டாக்டர் மேல தப்பில்லன்னுதானே சொல்றாங்க, சித்தப்பா" என்றேன்.

"நீ சின்னப் பையன். என் வாய அவன் எத்தன தடவ பாத்திருப்பான் தெரியுமா?"

அதன்பிறகு இருவரும் பேசவில்லை. நாற்காலி உறை கிழிந்தபோது டாக்டர் வேறு ஆளிடம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டு, "பாத்தியா, அதையும் மாத்திட்டான்" என்றார் சித்தப்பா. அன்று சாப்பிடவில்லை.

சித்தப்பா இறந்த பிறகுதான் சித்தி என்னிடம் சொன்னாள். ஊசிக்கு முன்னால் பல்லைக் காட்டிவிட்டு வரும்படி ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். பல் வைத்தியம் முடியும்வரை ஊசி தள்ளிப்போகும். அவரோ முதுகு வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'காட்டியாச்சு' என்று சொல்லிவிட்டாள். குழி ஆறாதபோது குறட்டிடம் போய் அழுதிருக்கிறாள்.

அவர் சொன்னாராம்: "அவன்கிட்ட சொல்லாதம்மா. என் மேல கோவம் வந்தா அவன் வீட்டுக்குப் போயிடுவான். உன் மேல வந்தா எங்க போவான்?"