மாமா தலைப்பாகைக்குப் பின்னால் கல்யாணப் பெண்

மத்தியான வெயிலுக்குப் பயந்து ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தபோதுதான், எதிர்ச்சுவரில் கோயில் கோபுரம் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தேன். ஜன்னல் கதவில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாக வந்த வெளிச்சம் செய்த வேலை. சுவரின் உச்சியில் ஒரு மாட்டுவண்டி, சக்கரங்களை மேலே வைத்துக்கொண்டு, நிதானமாகத் தெற்கே போயிற்று. பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். ஆனால் கரும்பலகையில் வரைந்த மெழுகுவர்த்தி தலைகீழாக விழுந்தால் யாருக்கு என்ன? இது எங்கள் ஊர்க் கோபுரம் அல்லவா!

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கோபுரம் தலைகீழா நிக்குதே, வீட்டுக்கு ஆகுமாலே?” என்று சொல்லி, சாணியை உருட்டிக்கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிட்டாள். என் மண்டையில் விழுந்த ஓட்டையை அடைக்க அவளிடம் சாணி இல்லை.

பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரிடம் பெட்டிக் காமிரா ஒன்று இருந்தது. என் சைக்கிளைக் கொடுத்து அதை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்கச் சைக்கிள் வேண்டுமே என்று தோன்றியது. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் அப்பா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். அது ரொம்ப மோசமான அறிகுறி.

ஆனால் அடுத்த மாதமே எனக்கு அழைப்பு வந்தது. திருவேங்கடம் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். என்னோடு படித்த சிநேகிதனின் தங்கைக்குக் கல்யாணம். சிநேகிதன் கொழும்பில் கடையில் இருக்கிறான். பாஸ்போர்ட், விசா என்று இப்போது ஆயிரம் கெடுபிடி, வர வழியில்லை. அவன் அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவள் எங்கள் வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தங்கச்சி மாலையும் கழுத்துமா நிக்கத பாக்காம எனக்குச் சோறு இறங்காதுன்னு சொல்லிவிட்டிருக்கான் மக்கா. அவ முகம் மட்டும் அவனுக்குத் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“முகம்தானே பெரியம்மா? பெட்டியைத் திருப்பினா விழுந்துட்டுப் போகுது” என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறினேன். குருவிகுளம் போகும் வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்; நான் கரிசல் காட்டில் இறங்கினேன். மேற்கே மலைமேல் மேகம் திரண்டு நின்றது. அதை எடுக்காமல் எப்படி? பருத்திக்குள் ஒரு மயில் தோகையை விரித்தது. வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து போய் நான் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அது முதுகைக் காட்டியது. விரித்த தோகைக்குப் பின்பக்கம் அவ்வளவு அழகில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அப்படியும் எடுத்தேன். பஸ்ஸில் இருந்த ஒருவர், “வே, மயிலப் பிடிக்கப் போனீரா, இல்ல மயில் உம்மப் பிடிச்சுதா?” என்று கேட்டார். சட்டை முழுக்க நெருஞ்சி முள்.

முகூர்த்தமோ விடிவதற்கு முன்னால். பெட்டிக் காமிராவுக்குச் சூரியன் இல்லாவிட்டால் கண் தெரியாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தை நம்பித் தாலி கட்டும்போது ஒன்று எடுத்தேன். குலவைச் சத்தத்தில் கிளிக் என்றதா என்றே தெரியவில்லை. மேகமும் மயிலும் தின்றதுபோக, அதோடு பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

வெயில் ஏறியதும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பெண் அருமையாக நின்றாள். முகத்தில் வெயில், கழுத்தில் மாலை. அப்போதே விரலை அழுத்தியிருக்கலாம். “பெரியம்மா, நீங்களும் பக்கத்துல நில்லுங்க, மகன் பார்ப்பான்லா” என்று சொல்லித் தொலைத்தேன். அவளும் வந்து நின்றாள்.

“நிறுத்துவே!” என்று ஒரு குரல். பெண்ணின் தாய்மாமா. ஊரிலேயே பெரிய தலைப்பாகை அவருடையது. “மூணு பேரா நின்னு படம் பிடிக்கக் கூடாது. நடுவுல நிக்க ஆளுக்கு ஆகாது. படிச்ச பிள்ளைக்கு இதுகூடத் தெரியலையே!”

நடுவில் நின்ற மாப்பிள்ளை நைசாக ஓரத்துக்கு நகர்ந்தார்.

“சரி, அப்ப நானும் நிக்குதேன். நாலாயிருச்சுல்லா” என்று மாமா வந்து நின்றார்.

மாப்பிள்ளையின் மாமா பந்தலிலிருந்து இறங்கிவந்தார். “பொண்ணுக்கு மட்டுந்தான் மாமன் உண்டோ? எங்க பிள்ளை என்ன, வானத்துலேருந்து விழுந்தானா?”

அவரையும் சேர்த்தோம். அவர் சம்சாரத்தைச் சேர்த்தோம். பெரியவீட்டு அண்ணாச்சியை நேரில் போய் அழைக்கவில்லை என்று வருத்தம் வந்தது, போய் அழைத்துவந்தார்கள். அவர் உட்காருவதற்கு நாற்காலி வந்தது. நாற்காலியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் மற்றவர்கள் குறைச்சலா என்று இன்னொரு நாற்காலி வந்தது. ஆள் சேரச் சேர நான் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். பெட்டியின் மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். அதைப் பார்த்து நான் கையைக் காட்ட, மொத்தக் கூட்டமும் களத்தின் தப்பான பக்கத்துக்கு நகர்ந்தது. திரும்ப நகர்ந்தபோது யார் எங்கே என்பது கலைந்துபோயிற்று.

கடைசியில், களத்தோரம் விறகுக்குக் குவித்திருந்த பருத்திமார்ப் படப்பு முதுகில் குத்தியது. அதற்குமேல் பின்னால் போக இடமில்லை.

“பொண்ணு தெரியுதாவே?” என்று மாமா கத்தினார்.

“எல்லாரும் தெரியுதீங்க!” என்று கத்திவிட்டு அழுத்தினேன்.

பிலிம் திருநெல்வேலி ஸ்டுடியோவுக்குப் போய்த் திரும்பி வந்தது. தாலி கட்டும் படம் முழு அமாவாசை. மயில் படத்தில் விசிறி மாதிரி ஏதோ ஒன்று. களத்துப் படம் மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மா கையில் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் பிடித்து, விரலை ஒவ்வொரு தலையாக நகர்த்தினாள். அந்த விரல் மாமாவிடம் வந்து நின்றது. தலைப்பாகைக்குப் பின்னால் கொஞ்சம் பூ தெரிந்தது. அதுதான் கல்யாணப் பெண்.

மாமா எட்டிப் பார்த்தார். “மீசை நல்லா விழுந்திருக்குல்லா? இத எனக்குக் கண்ணாடி போட்டுத் தந்திரணும்.”

அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். பெரியம்மா மெதுவாகச் சொன்னாள்: “இவரு மீசையப் பாக்கவா ஐயா எம்பிள்ள கொழும்புல சோறு இறங்காம கெடக்கான்?”

திட்டியிருந்தால் தேவலை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். நான் வாசலில் நின்று செருப்பைத் தேடினேன், காலில்தான் இருந்தது.

பின்னாலேயே வந்தாள். “ஆடிக்குப் பொண்ண இங்கன கூட்டியாருவோம். மாப்பிள்ளையும் கொண்டுவிட வருவாரு. மாமா வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருவாரு. அன்னைக்கு வா. பெட்டி வெளிய தெரியவேண்டாம். பலகாரம் கொண்டு வாரவன் மாதிரி வா.”

“மறுபடியும் நீங்க, மாப்பிள்ளை, பொண்ணு, மூணு பேர் ஆகுதே பெரியம்மா?”

“கன்னுக்குட்டியப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். நாலு.”

ஆடி பிறந்துவிட்டது. முறுக்கு வைக்கும் ஓலைப்பெட்டிக்குள் காமிரா சரியாக உட்காருகிறது, பார்த்துவிட்டேன். இந்தப் பெட்டிக் காமிராவைக் கிட்டத்தில் கொண்டுபோனால் முகம் கலங்கிவிடும். ஆனால் எழுத்துப் படிக்கும் மூக்குக்கண்ணாடி ஒன்றை அதன் கண்ணுக்கு முன்னால் பிடித்தால், கை நீளத்தில் நிற்கும் முகம்கூடப் பளிச்சென்று விழும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்கிறார். முதலில் எல்லாரையும் கன்றுக்குட்டியோடு சேர்த்து ஒன்று. பிறகு பெண்ணை மட்டும், படம் நிறைய முகமாக ஒன்று. அப்படி ஒரு படத்தை இந்தப் பக்கத்தில் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

எழுத்துப் படிக்கும் கண்ணாடி எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. வெள்ளிக்கிழமை முதல் பஸ். அப்பா குளித்துவிட்டுப் பேப்பரைக் கையில் எடுப்பதற்குள் நான் மேலநீலிதநல்லூரைத் தாண்டியிருக்க வேண்டும்.